கீப்பர் இல்லாத ஆட்டம்

முதல் சனிக்கிழமை, பாலர் பள்ளிக் குழந்தைகளின் கால்பந்து பெரியவர்களின் விதிகளை வைத்தே நடந்தது. சரியாகச் சொன்னால், நடக்கவில்லை. கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி எறியச் சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளை தூக்கினாள், பின்பக்கம் சாய்ந்தாள், பந்தோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தாள். ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் செருப்பைக் கழற்றி அதில் மண் அள்ளிக்கொண்டிருந்தான். மறுபக்கத்துக் கோல்கீப்பர் வலையைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, தான் ஒரு மீன் என்று சொன்னான். மற்றவர்கள் மொத்தமாகப் பந்தை மொய்த்துக்கொண்டு ஒரே கும்பலாக நகர்ந்தார்கள். கும்பலுக்குள் பந்து இருந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான். வேலியோரம் நின்ற ஒரு அப்பா "ஆஃப்சைடு" என்று கத்த, பக்கத்தில் ஓடிய குழந்தை தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் போதுமே, அந்த வயதில் அது தொற்று.

அன்று சாயங்காலமே கண்ணாடிக்கடையில் மூன்று பேர் கூடினார்கள். கடைக்காரனை எல்லோரும் கண்ணாடிக்காரன் என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் கண்ணாடி, மேசைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் அளந்து வெட்டிக் கொடுப்பவன். ஒரு அளவை எடுத்த பிறகு, தான் எடுத்ததை நம்பாமல் திரும்பவும் எடுப்பவன். பந்தாட்டம் ஆரம்பிக்கலாம் என்ற யோசனை அவனுடையதுதான். கூட இருந்தவர்கள் மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸக்காவும், வெளியூர் பஸ் ஓட்டும் டிரைவரும். டிரைவரின் கடைக்குட்டி பட்டாணிதான் காலையில் பந்தோடு மல்லாக்க விழுந்தவள்.

"கையால எறியறது வேணாம்," என்றான் கண்ணாடிக்காரன். "வெளிய போன இடத்துலயே பந்த வெச்சு, காலால தள்ளிவிடட்டும். மத்தவங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

"தலையால முட்டறதும் கூடாது," என்றாள் நர்ஸக்கா. "அந்த மண்டையெல்லாம் இன்னும் சரியாக் காயவே இல்ல."

"சரி. ஆஃப்சைடு?"

"அது எனக்கே புரியாது. விடுங்க."

"கீப்பரும் வேணாம்."

டிரைவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "கீப்பர் இல்லாத கோலா? தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம் மாதிரி இருக்குமே தம்பி."

"கோலச் சின்னதாக்கிடலாம்ணே. கீப்பர்னு ஒருத்தன நிறுத்தினா, அவன் மட்டும் ஆடாம நிப்பான். பந்து எப்பவோ வரும். வரும்போது அவன் வேற எதையாவது பாத்துட்டிருப்பான். அப்புறம் எல்லாரும் அவனத் திட்டுவோம். இந்த வயசுல எல்லாரும் ஓடணும். கோல் முன்னாடி யாரும் நிக்கக் கூடாதுன்னு வெச்சிடலாம்."

"யாரு ஜெயிச்சாங்கன்னாவது எழுதுவோமா?"

"வேணாம்ணே."

"நாம எழுதாட்டி என்ன? என் பொண்ணு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பா. அவங்கம்மா மாதிரி. கல்யாணமான புதுசுல நான் சொன்னதையெல்லாம் அவ இன்னும் எண்ணி வெச்சிருக்கா."

ஒரு பக்கத்துக்கு நாலு பேர். சின்னப் பந்து. பெரியவர்கள் உள்ளே போய் யாரையும் தூக்கி நிறுத்தலாம், மூக்கைத் துடைத்துவிடலாம். ஷூ கயிறு அவிழ்ந்தால் கட்டி முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும். இவ்வளவையும் கண்ணாடிக்காரன் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினான். எழுதிவிட்டு, எதையோ விட்டுவிட்டோமோ என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ஆட்டம் மாதிரி இருந்தது. குழந்தைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்து வேறு திசையில் ஓடினார்கள். எந்தக் கோல் யாருடையது என்று தெரியாமலே இரண்டிலும் அடித்தார்கள். அடிக்கும்போதெல்லாம் இரண்டு பக்கத்தாரும் கை தூக்கிக் குதித்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் ஓடவில்லை. கண்ணாடிக்காரனின் மகன் சுண்டு.

ஆட்டம் ஆரம்பித்ததுமே அவன் நேராகப் போய்த் தன் பக்கத்துக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டான். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து, கும்பல் கிட்டே வரும்போது உதட்டில் விரலை வைத்தான். கண்ணாடிக்காரன் போய்த் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து விட்டான். பந்து அந்தப் பக்கம் போனதும் சுண்டு திரும்பி நடந்து, விட்ட இடத்திலேயே போய் நின்றான். மறுபடி கொண்டுவந்தான். மறுபடி போனான்.

"ரூல் போட்டவரு வீட்டுக்கு மட்டும் தனி ரூலா?" என்றார் டிரைவர், வேலியில் சாய்ந்தபடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நாலைந்து அப்பாக்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"புதுசுல்லண்ணே. பழகிடுவான்."

பழகவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் இன்னொரு அம்மா, "அவன் நிக்கறான்னா எம்புள்ளையும் நிக்கட்டுமே, அவனுக்கு ஓடுனா மூச்சு வாங்குது," என்று கேட்டாள். போட்ட விதி தன் மகன் காலடியிலேயே கரைவதைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடிக்காரனுக்குக் காது சூடானது. பையனிடம் போய்க் குனிந்து கையை இறுக்கிப் பிடித்தான்.

"இங்க நிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? நின்னா இனிமே கூட்டிட்டு வரமாட்டேன். புரியுதா?"

சுண்டுவின் முகம் கோணியது. வாய் அகலத் திறந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

நர்ஸக்கா எங்கிருந்தோ வேகமாக வந்து பையனைத் தன் பக்கம் திருப்பினாள். வாய்க்குள் பார்த்தாள், மார்பில் கை வைத்தாள், எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் கண்ணாடிக்காரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவன் எப்பவும் இப்படித்தான் அழுவானா?"

"எப்படிக்கா?"

"சத்தமில்லாம."

பையன் அழுது பார்த்தே நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் கண்ணாடிக்காரனுக்கு உறைத்தது. அழாத பிள்ளை, சமர்த்து என்றல்லவா அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

நர்ஸக்கா மண்ணிலேயே உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏன்டா தங்கம் அங்கயே நிக்கற?"

சுண்டு அவள் காதுக்கருகில் வந்து சொன்னான். அப்படியும் பக்கத்தில் நின்ற அப்பனுக்குக் கேட்டது.

"உள்ள தூங்கறாங்க. யாரையும் விடக்கூடாது."

அவர்கள் வீடு கடைக்கு மேலேயே. முன்னறை, சமையல் மூலை, அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை. கண்ணாடிக்காரனின் மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. மற்றவர்கள் எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் வீடு வந்து, குளித்து, தலையில் ஒட்டிய மாவு முழுக்கப் போகாமலே படுப்பாள். சில மாதங்களுக்கு முன் மாவு பிசையும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண் சொக்கி, கை உள்ளே போகப் பார்த்தது. பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்து இழுத்ததால் கையுறையோடு போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் இயந்திரத்துப் பக்கமே விடமாட்டேன், வேறு வேலையும் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போவதைவிட அவள் கையைப் பற்றித்தான் கண்ணாடிக்காரனுக்குக் கவலை. கண்ணாடியோடு புழங்குபவனுக்குக் கை என்றால் என்ன என்று தெரியும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் தூக்கம்தான் பெரிய விதி. கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும் மெஷினை அவன் சாயங்காலம்தான் ஓட்டுவான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்தான். பாலர் பள்ளி மத்தியானத்தோடு முடிந்து வரும் மகனை முன்னறையில் உட்கார்த்தி, "நீதான் காவல். யாராவது வந்தா அம்மா தூங்கறாங்கன்னு மெதுவாச் சொல்லணும். கதவத் தொறக்க விடக்கூடாது. நீயும் கத்தக்கூடாது. பெரிய மனுஷன் இல்ல நீ?" என்றான். பெரிய மனுஷன் தலையாட்டினான். கடையிலிருந்து அவ்வப்போது மேலே போய்ப் பார்க்கும்போதெல்லாம் பையன் படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து, மடியில் ஒரு பொம்மையோடு உட்கார்ந்திருப்பான். பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி எழுந்து தலைவாரும்போது அவன் விஷயத்தைச் சொன்னான். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னான். சீப்பு நின்றது.

"நான் சொன்னேனா, அவனக் காவலுக்கு நிறுத்துங்கன்னு?"

"நீ சொல்லல. நான்தான்."

"சும்மா கேட்டேன். சொல்லாட்டியும் அவன் கதவுகிட்ட உக்காந்திருக்கறது எனக்குத் தெரியும்ல." அவள் சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நடுவுல முழிப்பு வரும். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேக்கும். பொம்மைகிட்ட ஏதோ ரகசியமாப் பேசிட்டிருப்பான். எழுந்து கதவத் தொறக்கலாம்னு தோணும். தொறந்தா உள்ள வந்துருவான். வந்துட்டா எனக்குத் தூக்கம் போச்சு. அதனால அசையாமப் படுத்திருப்பேன். நான் முழிச்சிருக்கேன்னு அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு மூச்சக்கூட மெதுவா விடுவேன்."

முன்னறையில் சுண்டு படம் வரைந்துகொண்டிருந்தான். அவன் தாளைத் திருப்பும் சத்தம்கூட வரவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடலாம், இனிமே காவல் வேணாம்னு," என்றாள்.

கண்ணாடிக்காரன் போய்ச் சொன்னான். சொல்வதைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமே என்று மூன்று விதமாகச் சொன்னான். வீடு வேற, கிரவுண்டு வேற. கிரவுண்டுல யாரும் தூங்கல. அந்த வலைக்குள்ள ஒண்ணுமே இல்ல.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லடா."

"அப்ப ஏன் எல்லாரும் அதுக்குள்ள போகப் பாக்கறாங்க?"

வளர்ந்தவர்கள் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

மறுநாள் டிரைவர் கடைக்கு வந்தார், முன்பு வெட்டச் சொல்லியிருந்த அலமாரிக் கண்ணாடியை வாங்கிப்போக. கண்ணாடிக்காரன் அதைக் காகிதத்தில் சுற்றியபடியே, "பையன் கொஞ்ச நாளைக்கு வரமாட்டான்ணே," என்றான். "அவனால மத்தவங்களுக்கும் ரூல் கெடுது. மனசு மாறினதும் கூட்டிட்டு வரேன்."

"நான் கிண்டல் பண்ணதுக்கா?"

"அதில்லண்ணே." முதலில் சொல்லத்தான் கூடாது என்று இருந்தான். பிறகு சொல்லிவிட்டான்.

டிரைவர் எதிரே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் முகத்தில் கிண்டலே இல்லை. அது அவருக்குப் பொருந்தாத முகமாக இருந்தது.

"தம்பி, தூக்கத்தப் பத்தி எங்கிட்ட கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல, அத்தன ஹாரன் சத்தத்துல, சீட்டுக்கு அடியில படுத்துத் தூங்குவேன். வீட்டுக்கு வந்தா ஸ்பூன் விழுந்தா முழிச்சுக்குவேன். ஏன்னு ரொம்ப நாள் புரியல. வீட்டுல எல்லாரும் எனக்காகக் குசுகுசுன்னு பேசுவாங்க பாருங்க, அந்தக் குசுகுசுதான் தூக்கத்தக் கெடுத்துச்சு. என்னத்த மறைக்கறாங்கன்னு காது நீண்டுக்கிட்டே போகும். ஒரு நாள் எம்பொண்டாட்டிகிட்ட சொன்னேன், தாயே, நீ எப்பவும் போலக் கத்து, அப்பத்தான் வீட்டுல எல்லாம் நல்லா இருக்குன்னு நான் நிம்மதியாத் தூங்குவேன்னு. அன்னிலேர்ந்து அவளும் நிறுத்தல, நானும் முழிக்கல."

கண்ணாடிக்காரன் சிரித்துவிட்டான்.

"மத்தியானத்துல பையன எங்க வீட்டுல விடுங்க. பட்டாணி இருக்கா. அந்த வீட்டுல அமைதியா இருந்தாத்தான் திட்டு விழும். அப்புறம் ஒண்ணு. சனிக்கிழமைக்கு அவனக் கூட்டிட்டு வாங்க. முடிஞ்சா தங்கச்சியையும்."

"அவ ராத்திரி முழுக்க நின்னுட்டு வரா. அவளுக்குத் தூக்கம்..."

"அவன் கண்ணு முன்னாடியே கிரவுண்டுல வந்து தூங்கட்டுமே. வேப்பமரமா வேணும், வேலி நிழல்தான் இருக்கே."

இதை மனைவியிடம் சொன்னபோது, அவள் பைத்தியமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் யோசித்தாள். "வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?" என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை அவள் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தாள். முடியில் வலைத்தொப்பியின் தடம், முழங்கையில் மாவு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. கையில் ஒரு பை நிறைய, வடிவம் கோணியதால் விலைக்குப் போகாத பன்கள். குழந்தைகள் ஆட்டத்தை மறந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, பக்கக் கோட்டுக்கு வெளியே, வேலி நிழலில் விரிப்பைப் போட்டாள்.

"அம்மா தூங்கப் போறேன்டா," என்றாள் சுண்டுவிடம். "நீ போய் ஆடு." படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. சுண்டு கோலுக்கு முன்னால் போகவில்லை. பையன் நேராக விரிப்பருகே வந்து, அம்மாவுக்கு முன்னால் கால்களை அகட்டி, கைகளை விரித்து நின்றான்.

"சரிதான், கீப்பர் எடம் மாறிட்டாரு," என்று முனகினார் டிரைவர்.

"விடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் நர்ஸக்கா.

கும்பல் அந்தப் பக்கம் வந்தது. சுண்டு விரலை உதட்டில் வைத்தான். யார் பார்த்தார்கள்? பட்டாணி ஓங்கி ஒரு உதை விட்டாள். பந்து அவன் கைக்குக் கீழே புகுந்து, படுத்திருந்தவளின் தொடையில் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

அம்மா புரளவில்லை. மாறாக, குறட்டை விட்டாள். அவ்வளவு மோசமான குறட்டையைக் கண்ணாடிக்காரன் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் குறட்டை விட்டதும் இல்லை. சிரிப்பு தெரியாமலிருக்க அவன் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சுண்டு குனிந்து, "அம்மா," என்றான் ரகசியமாக. குறட்டை. "அம்மா," என்றான், வீட்டில் பேசும் குரலில். குறட்டை. அவன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனை அதட்டவில்லை. மூச்சை இழுத்து, கண்ணை இறுக்க மூடி, "அம்மா" என்று கத்தினான். கிறீச்சென்று உடைந்த குரல், பயன்படுத்தாமல் வைத்திருந்த குரல். மைதானத்துக்கு அப்பால் ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது. அம்மாவின் மார்பு சீராக ஏறி இறங்கியது.

"பந்து எங்களுது," என்றாள் பட்டாணி பொறுமையிழந்து. "நகரு."

"இல்ல, எங்களுது," என்றான் சுண்டு. பந்தைத் தூக்கிக் கோட்டில் வைத்தான். காலால் தள்ளிவிட்டான். தள்ளிய பந்தின் பின்னாலேயே தானும் ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்தது நல்ல ஆட்டம் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஓடத் தெரியவில்லை. கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போனது. கும்பலுக்கு வெளியே ஓடினான், பிறகு உள்ளே ஓடினான், ஒரு ஷூவை விட்டுவிட்டு ஓடினான். விழுந்தபோது அழுதான், சத்தமாக. நர்ஸக்கா தூக்கப் போனாள், பிறகு வேண்டாம் என்று நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடிக்காரன் விரிப்பை இழுக்கலாமா என்று கிட்டே போய்ப் பார்த்தான். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கை, விரல்கள் பிரிந்து, புல்லில் கிடந்தது. குறட்டை இல்லை. இது நிஜத் தூக்கம். இவ்வளவு ஆழமாக அவள் தூங்கி அவன் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. வெயில் அவள் முகத்தில் விழாதபடி தன் நிழலை அவள்மேல் விட்டு நின்றான்.

அப்போதுதான் மைதானத்தில் கூச்சல் எழுந்தது. பந்து சுண்டுவின் காலில் பட்டிருக்க வேண்டும், அல்லது அவன் முழங்காலில். அது உருண்டு, யாருடைய தடையும் இல்லாமல், அவனுடைய சொந்தப் பக்கத்துக் கோலுக்குள்ளேயே போய் வலையைத் தொட்டது. மற்ற ஏழு பேரும் கை தூக்கிக் குதித்தார்கள். டிரைவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

சுண்டு ஒரு கணம் வலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, ஒற்றை ஷூவோடு, வாய் நிறையக் கத்திக்கொண்டு, விரிப்பை நோக்கி ஓடிவந்தான்.

கண்ணாடிக்காரனின் விரல் தானாக உதட்டுக்குப் போனது. இன்னொரு கை தானாக விரிந்தது. இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள், ராத்திரி மறுபடி அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும், ஒரு மணி நேரமாவது... மகன் கிட்டே வந்துவிட்டான். அப்பாவின் விரலைப் பார்த்தான். ஓட்டம் தளர்ந்தது. திறந்த வாய் மூடப் பார்த்தது.

கண்ணாடிக்காரன் கையைக் கீழே போட்டான். ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிட்டான்.

வெயிலும் பையனும் ஒன்றாக அவள்மேல் விழுந்தார்கள். அவள் திடுக்கிட்டு எழுந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல், கையில் கிடைத்ததைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, என்னடா ஆச்சு?"

"உள்ள போயிருச்சும்மா," என்று அவள் காதுக்குள் கத்தினான் சுண்டு. "நானே விட்டேன்."